பல்லின் நிழல்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அளவிற் சிறியது. இரண்டு விரல் அகலமே உள்ள ஒரு கறுப்புப் படம்; அதனுள் இரண்டு மூன்று பற்களின் வெண்ணிழல். பல் மருத்துவர் எடுக்கும் எக்ஸ்ரே படத்தைத்தான் சொல்லுகிறேன். நம்மில் பலர் அதைக் கையில் வாங்கியிருக்கிறோம். வெளிச்சத்திற்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தும் இருக்கிறோம். பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் உறையிலிட்டு அலமாரியில் வைத்துவிட்டோம். எழுத்தறியாதவர் கைக்கு வந்த கடிதம்போல் அது அங்கே கிடக்கிறது.

நான் மருத்துவன் அல்லேன். பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லி ஓய்வுபெற்றவன். ஆயினும் போடிநாயக்கனூரை அடுத்த எங்கள் சிலமலை போன்ற ஊர்களில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுத் திண்ணைக்கு எல்லாவகைத் தாள்களும் வந்து சேரும். பட்டா வரும், வங்கிக் கடிதம் வரும், மருத்துவச் சீட்டும் வரும். அவற்றோடு இப்படங்களும் வரத் தொடங்கின. அவற்றில் காணப்படுவது யாது என்று நூல்களைப் பார்த்தும் மருத்துவர்களைக் கேட்டும் ஒருவாறு தெரிந்துகொண்டேன். நோய் தீர்க்கும் முறையை நான் சொல்லப்போவதில்லை. அது மருத்துவர் பணி. படத்தைக் கண்ணாற் காணும் முறையையே சொல்லப்போகிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஜெர்மனி நாட்டு உர்ஸ்பர்க் நகரில் பௌதிகப் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ராண்ட்ஜன், 1895 நவம்பர் 8ஆம் நாள் தம் ஆய்வுக்கூடத்தில் புதியதொரு கதிரைக் கண்டார். அது கறுப்புத் தாளையும் மரத்தையும் சதையையும் ஊடுருவிச் சென்றது. எலும்பிலும் உலோகத்திலும் தடைப்பட்டது. அதன் இயல்பு இன்னதென்று அப்போது விளங்காமையால், இயற்கணிதத்தில் தெரியாத அளவைக் குறிக்கும் ‘எக்ஸ்’ என்ற எழுத்தையே அதற்குப் பெயராக இட்டார். செய்தி வெளிவந்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், பிரவுன்ஷ்வைக் நகரப் பல் மருத்துவர் ஆட்டோ வால்க்காப் என்பவர் சிறியதொரு கண்ணாடித் தகட்டை ஒளி புகாதபடி சுற்றித் தம் வாயிலேயே வைத்துக்கொண்டு படம் எடுத்தார். அதற்கு அவர் 25 நிமிடம் அசையாமல் இருக்கவேண்டியதாயிற்று. இன்று அதே வேலை ஒரு விநாடியின் சிறு பகுதியில் முடிந்துவிடுகிறது.

இந்த வளர்ச்சி எளிதில் வந்ததன்று. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர், இக்கதிரைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர். அக்காலத்தில் கதிரின் தீமையை ஒருவரும் அறியார். அவர் தம் கையையே கதிருக்கு நேரே பிடித்துக் கருவியைச் சரிசெய்து வந்தார். அதன் பயனாக விரல்களையும், பின்னர் இடக்கையையும் புற்றுநோய்க்கு இழந்தார், 1928இல் மறைந்தார். இன்று நாம் அச்சமின்றிப் படமெடுத்துக்கொள்ளுவது இத்தகையவர் பட்ட துன்பத்தால் வந்த அறிவின் பயன். நம் மாநிலத்தில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையைச் சார்ந்த பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பெற்றது. சென்னையில் அரசின் பல் மருத்துவக் கல்வி 1953இல் தொடங்கியது. முன்னர்ப் படலத்தில் பதித்து, இருட்டறையில் கழுவி, காயவைத்துப் பார்த்தார்கள். 1987இல் படலமின்றிக் கணினித் திரையிலேயே காட்டும் கருவி வந்தது. இப்போது சிறு நகரத்துப் பல் மருத்துவமனைகளிலும் அதைக் காணலாம். கருவி மாறினும் பார்க்கும் முறை மாறவில்லை.

அம்முறைக்கு முதற்படி, இது புகைப்படம் அன்று, நிழல் என்பதை உணர்வதே. வெயிலில் நிற்பவரின் நிழலில் அவருடைய மூக்கும் கண்ணும் தெரிவதில்லை; உருவத்தின் விளிம்பு மட்டுமே தெரிகிறது. ஒருவர் பின் ஒருவராக இருவர் நின்றால் நிழல் ஒன்றாகவே விழும். எக்ஸ்ரே நிழலும் அத்தகையதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வெயில் நிழல் முழுவதும் ஒரே கருமை. இந்நிழலில் பல படிகள் உள்ளன. கதிர் தடையின்றிச் சென்ற இடம் கறுப்பாகும். முற்றும் தடைப்பட்ட இடம் வெண்மையாகும். பாதி தடைப்பட்ட இடம் சாம்பல் நிறமாகும். எனவே வெண்மை என்பது கெட்டியான பொருள். கருமை என்பது மென்மை அல்லது வெற்றிடம். இந்த ஒரு விதியை மனத்தில் இருத்தினால் படத்தின் அகரவரிசையில் பாதி கைவந்தது என்னலாம்.

இனி, நோயில்லாத ஒரு கடைவாய்ப்பல்லின் படத்தை மேலிருந்து கீழாகப் படிப்போம். கீழ்த்தாடைப் பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் தொப்பி கவிழ்த்ததுபோல் பளிச்சென்ற வெண்மை தெரியும். அது எனாமல் என்னும் பற்சிப்பி. எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமப் பொருளால் ஆனது. நம் உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. அதன் அடியில், சற்று மங்கிய வெண்சாம்பல் நிறத்தில், பல்லின் உடல் காணப்படும். அது டென்டீன், அதில் கனிமம் நூற்றுக்கு 70 பங்கு. அதன் நடுவில் கருமையான ஓர் அறையும், அவ்வறையிலிருந்து வேர்களுக்குள் இறங்கும் மெல்லிய கறுப்பு வாய்க்கால்களும் தெரியும். பல்லுக்கு உயிரூட்டும் நரம்பும் குருதிக்குழாயும் உள்ள பற்கூழ் அங்கே இருக்கிறது. அது மென்மையானது, ஆதலின் கறுப்பு.

வேரின் வெளிப்புறத்தைச் சுற்றி மயிரிழைபோன்ற ஒரு கறுப்புக் கோடு ஓடும். பல் எலும்பில் நேரே ஒட்டியிருக்கவில்லை. மெல்லிய நார்களால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அந்த நார் தங்கும் இடைவெளியே அக்கோடு. அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கும் வெளியே, வரப்புக் கட்டியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு தொடர்ந்து செல்லும். அது பற்குழியின் எலும்புச் சுவர். இந்தக் கறுப்புக் கோட்டையும் வெள்ளைக் கோட்டையும் மறவாதீர்கள். பின்னர் அவை நமக்குத் தேவைப்படும். அப்பால் காணப்படுவது தாடையெலும்பு. மீன்வலை விரித்ததுபோல் வெள்ளைக் கண்ணிகளும் இடையிடையே கருமையும் உள்ளது. இரண்டு பற்களுக்கு இடையே அவ்வெலும்பின் மேல்விளிம்பு, எனாமல் முடியும் இடத்திற்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் கீழே நிற்கவேண்டும். அதுவே நலத்தின் அளவுகோல்.

படத்தில் இடம் வலம் அறிவதும் வேண்டும். நோயாளி நமக்கு எதிரே அமர்ந்திருப்பதாகக் கொண்டே படத்தை வைத்துப் பார்ப்பார்கள். ஆகவே அவருடைய வலப்பக்கம் நம் இடப்பக்கத்தில் அமையும். பற்களுக்கு இரண்டிலக்க எண் வழங்குகிறார்கள். வாயை நான்கு காற்பகுதிகளாகப் பிரித்து, மேல்வலம் 1, மேலிடம் 2, கீழிடம் 3, கீழ்வலம் 4 என்பர். நடுக்கோட்டிலிருந்து உள்நோக்கி எண்ணும்போது வரும் வரிசை இரண்டாம் இலக்கம். சீட்டில் 36 என்று எழுதியிருந்தால் கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில் ஆறாவது பல் என்று கொள்ளவேண்டும். அதை முப்பத்தாறு என்று வாசிக்காமல், மூன்று ஆறு என்று வாசிப்பதே முறை. இந்த எண்ணைத் தெரிந்துகொண்டால், எந்தப் பல்லைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற ஐயமேனும் நீங்கும்.

இனி நோயின் நிழல்களைப் பார்ப்போம். ஏலத்தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சொத்தைப்பல்லை விளக்குவது எளிது. காய்துளைப்பான் புழு ஏலக்காயில் ஊசித்துளை போன்ற வழியே உள்ளே செல்லுகிறது. தோல் பசுமையாகவே இருக்க, உள்ளிருக்கும் அரிசியைத் தின்றுவிடுகிறது. எங்கள் பக்கத்து மாந்தோப்புகளில் கொட்டை வண்டு செய்வதும் அதுவே. பழம் வெளியே குற்றமற்றது, கொட்டைக்குள் வண்டு. சொத்தையும் இவ்வாறே நடக்கிறது. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடுக்கில் இது நிகழ்ந்தால் கண்ணாடியிலும் தெரியாது, நாவிலும் தட்டுப்படாது. படத்தில் அவ்விடத்தில் வெண்தொப்பியின் விளிம்பில் ஒரு சிறு கறுப்பு முக்கோணம் தோன்றும். அடிப்பக்கம் வெளியே, முனை உள்ளே. முனை டென்டீனைத் தொட்டதும் அங்கே பக்கவாட்டில் விரிந்து இரண்டாவதொரு கருமை பரவும். வெளியே ஊசித்துளை, உள்ளே குடைவு என்பது இதுதான்.

படம் காட்டுவது எப்போதும் உண்மையினும் சற்றுக் குறைவே என்பதும் நினைவில் இருக்கவேண்டும். ஓரிடத்துக் கனிமத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ கரைந்த பின்னரே அது கருமையாகக் கண்ணுக்குப் புலப்படும். ஆகவே படத்திற் சிறிதாகத் தெரியும் சொத்தை வாயில் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஈற்று நோயின் நிழல் வேறு. அதில் பல் வெண்மையாகவே இருக்கும். எலும்பின் விளிம்பு இறங்கிப்போயிருக்கும். ஆற்றங்கரை மரத்தின் அடியில் மண் அரித்து வேர் வெளியே தெரிவதுபோல், பல்லின் வேர் பாதிக்கு மேல் எலும்பின்றி நிற்கும். பல் ஆடத் தொடங்கிய பிறகு மருத்துவரிடம் செல்லுகிறோம்; எலும்போ அதற்குப் பல ஆண்டுகள் முன்னமே கரையத் தொடங்கியிருக்கும். கரைந்த எலும்பைப் பழைய அளவுக்கு மீட்பது அரிது. இருப்பதைக் காப்பது இயலும்.

பற்கூழ் அழுகி, நோய் வேர்நுனியைக் கடந்து எலும்புக்குள் இறங்கினால், நுனியில் ஒரு கறுப்பு மேகம் தொங்கும். முன்னர்ச் சொன்ன வெள்ளைக் கோடு அவ்விடத்தில் அறுந்துபோகும். ஞானப்பல் இடமின்றிப் படுத்துக்கிடப்பதும் படத்தில் நன்றாகத் தெரியும். நிற்கவேண்டியது முன்னுள்ள பல்லின்மேல் சாய்ந்து தலையால் முட்டிக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, படம் பார்ப்பது எளிதென்று சிலர் எண்ணக்கூடும். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நிழல்களில் ஒன்றுபோல் மற்றொன்று தோன்றும் வேடக்காரர்கள் உண்டு. கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப்பற்களின் வேர்நுனிக்கு அருகே, உதட்டுக்கும் மோவாய்க்கும் செல்லும் நரம்பு வெளிவருவதற்கு இயற்கையே ஒரு துளை வைத்திருக்கிறது. எல்லாருக்கும் உண்டு. படத்தில் அது வட்டமான கருமையாகத் தோன்றும். சில வேளைகளில் வேர்நுனியின் மேலேயே விழுந்து சீழ்க்கட்டிபோலக் காட்சியளிக்கும். பல்லின் கழுத்துப் பகுதியில், எனாமலும் எலும்பும் இல்லாத இடைவெளியில், கதிர் மிகுதியாகப் பாய்வதால் ஒரு கருமை தோன்றும். அது சொத்தைபோல ஏமாற்றும். மேல்தாடையில் வேர்களுக்கு மேலே பெரிய கறுப்புப் பை ஒன்று தெரியும்; அது மேல்தாடை எலும்பில் உள்ள இயற்கையான காற்றறை.

சில ஆண்டுகளுக்குமுன் என்னிடம் படித்த ஒரு பெண்மணி, போடியில் ஏலக்காய் தரம்பிரிக்கும் வேலை செய்பவர், ஒரு படத்தைக் கொண்டுவந்தார். இடப்பக்கத் தாடையில் விட்டு விட்டு வலி. படம் எடுத்த இடத்தில், 35 என்னும் எண்ணுள்ள பல்லின் வேரடியில் சீழ் இருக்கிறது, பல்லைப் பிடுங்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். “ஐயா, பல்லைத் தொட்டால் வலிக்கவில்லை, கல்லைக் கடித்தாலும் வலிக்கவில்லை. எடுத்துத்தான் ஆகணுமா?” என்று கேட்டார். அதற்கு விடை சொல்ல எனக்குத் தகுதியில்லை. “அம்மா, நீ ஏலக்காயைத் தோலைப் பார்த்து மட்டுமா தரம்பிரிக்கிறாய்? குலுக்கியும் பார்க்கிறாய், ஒன்றை உடைத்தும் பார்க்கிறாய் அல்லவா? அதுபோல் இந்தக் கருமையை வேறெவ்விதம் சோதிக்கலாம் என்று இன்னொரு மருத்துவரைக் கேள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாம் மருத்துவர் இரண்டு காரியங்கள் செய்தார். குளிர்ந்த பொருளை அப்பல்லின்மேல் வைத்தார். பல் உடனே கூசியது. கூழ் அழுகிச் செத்த பல்லாயின் கூசாது. பிறகு கதிர்க்குழாயைச் சற்று நகர்த்தி, வேறொரு சாய்விலிருந்து மீண்டும் ஒரு படம் எடுத்தார். விளக்கை நகர்த்தினால் முன்னுள்ள பொருளின் நிழலும் பின்னுள்ள பொருளின் நிழலும் வெவ்வேறு அளவில் நகரும். வேரிலேயே ஒட்டிய நோயாயின் கருமை வேரோடு கூடவே செல்லவேண்டும். புதிய படத்தில் அது வேர்நுனியைவிட்டு விலகி நின்றது. நுனியைச் சுற்றி வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓடியது. அக்கருமை நோயன்று, நரம்புத் துளை. வலிக்குக் காரணம் அடுத்த பல்லின் இடுக்கில் இருந்த சொத்தை. அதைச் சுரண்டி அடைத்தபின் வலி நின்றது. நல்ல பல் ஒன்று தாடையிலேயே இருந்துவிட்டது.

இந்நிகழ்ச்சியை மருத்துவர்மேல் குறைசொல்லுவதற்காகக் கூறவில்லை. இதிலுள்ள பாடம் எல்லாத் துறைக்கும் பொதுவானது. கருமை என்பது கண்ட பொருள். சீழ் என்பது கருதிய பொருள். வட்டமாக இருக்கிறது, விளிம்பு தெளிவாக இருக்கிறது, வேர்நுனிக்கு அருகே இருக்கிறது, வெள்ளைக் கோடு தொடர்கிறது என்பனவெல்லாம் வருணனை. அது இன்ன நோய் என்பது முடிவு. வருணனை முழுமையடையும்முன் முடிவு முந்திக்கொண்டால் தீங்கு விளையும். பயிற்சி பெறும் பல் மருத்துவ மாணவருக்கு இடம், அளவு, வடிவம், விளிம்பு, உள்நிறம், சுற்றுப்புறத்தில் உண்டான மாறுதல் என்று வரிசைப்படுத்திச் சொல்லக் கற்பிப்பதன் காரணம் இதுவே. நாங்கள் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் கையில் ஓர் இலையைக் கொடுத்து, பெயரைச் சொல்லாதே, பார்த்ததைச் சொல் என்று பயிற்றியதும் இதற்காகவே.

படம் சொல்லாதவையும் உண்டு. ஈறும் நாவும் கன்னத்தின் உட்புறமும் மென்மையானவை. எக்ஸ்ரேயில் அவை தெரியா. மலைச்சாரலின் குளிருக்கு இதமென்று வெற்றிலை பாக்கோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வோர் எங்கள் பகுதியில் மிகுதி. புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வகைப்படுத்தியிருக்கிறது. அந்நோயின் தொடக்கம் கன்னத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, அல்லது ஆறாத புண். அதைப் படத்தில் தேடிப் பயனில்லை. வாயைத் திறந்து கண்ணாற் பார்க்கவேண்டும். எலும்பு கரைந்து படத்தில் தெரியும்வரை காத்திருப்பது, வெள்ளம் வந்தபின் கரை கட்டுவதற்கு ஒப்பாகும்.

இனி, ஓர் ஆசிரியனுக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். குழந்தையின் தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் கருவி உண்டு. முகத்தைச் சுற்றி வந்து எடுப்பது. ஆறு வயதுக் குழந்தையின் அத்தகைய படத்தைக் காண்பது பெரியதொரு வியப்பு. பாற்பல் ஒன்றும் இன்னும் விழவில்லை, புதிதாக நான்கு கடைவாய்ப்பற்கள் முளைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். வெளியே தெரிபவை 24. எலும்புக்குள், பாற்பற்களின் அடியில், அவற்றின் இடத்திற்கு வரவேண்டிய 20 பற்கள் வரிசையாக உருவாகிக்கொண்டிருக்கும். அவற்றுக்குப் பின்னால் இன்னும் நான்கு. அந்தச் சிறு முகத்துக்குள் மொத்தம் 48 பற்கள்! வகுப்பறையின் முதல் வரிசையில் ஓட்டைப்பல் தெரியச் சிரிக்கும் பிள்ளையை இனி நீங்கள் பார்க்கும்போது இதை எண்ணிப் பாருங்கள்.

இதில் பெற்றோருக்கு ஒரு செய்தி இருக்கிறது. ஆறு வயதில் முளைக்கும் அந்தக் கடைவாய்ப்பல் எந்தப் பாற்பல்லையும் தள்ளிவிட்டு வருவதில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால், ஓசையின்றி வருகிறது. அதையும் பாற்பல் என்று எண்ணி, விழுந்து முளைக்கும் என்று சொத்தையைக் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் வேறு பல் இல்லை. பாற்பல்லும் புறக்கணிக்கத்தக்கதன்று. அதன் வேரடியில் சீழ் தங்கினால், கீழே உருவாகும் பல்லின் எனாமலுக்கே ஊறு நேரலாம்.

பல் எப்போதும் தலையிலிருந்து வேரை நோக்கி வளரும். முதலில் முடி, பிறகு வேர். முளைத்த பின்னும் வேர்நுனி திறந்தே இருந்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் மூடும். ஆதலால் வேர் எதுவரை வளர்ந்திருக்கிறது என்று படத்திற் பார்த்து வயதை மதிப்பிடலாம். எக்ஸ்ரே வருமுன்னரே இவ்வெண்ணம் தோன்றிவிட்டது. இங்கிலாந்தில் ஆலைகளில் ஒன்பது வயதுக்கு உட்பட்ட சிறுவரை வேலை வாங்கலாகாது என்று 1833இல் சட்டம் வந்தது; வயதைக் காட்டும் சான்றோ இல்லை. எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பற்களை ஆராய்ந்து, உயரத்தைவிடப் பல்லே வயதுக்கு நல்ல சான்று என்று 1837இல் ஒரு நூல் எழுதி நாடாளுமன்றத்தின்முன் வைத்தார். பின்னர் 1973இல் கனடா நாட்டு டெமிர்ஜியன் முதலானோர், கீழ்த்தாடையின் இடப்பக்கத்து ஏழு பற்களை எக்ஸ்ரேயிற் பார்த்து, ஒவ்வொன்றின் வளர்ச்சியையும் எட்டுப் படிகளாகப் பிரித்து வயது காணும் முறையை வகுத்தார்கள்.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் முற்காலத்தில் ஒரு முறை இருந்தது. வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொட முடிந்தால் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். பிறந்த நாள் தெரியாவிடின் ஜூன் மாதத்தில் ஒரு நாளை எழுதுவார்கள். ஏட்டில் எழுதிய அந்த ஒரு வரிக்கு இன்று எவ்வளவு வலிமை என்று பாருங்கள். 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி, சிறுவர் ஒருவரின் வயதில் ஐயம் எழுந்தால் முதலிற் பார்க்கவேண்டியது பள்ளிச் சான்றிதழ் அல்லது தேர்வு வாரியச் சான்றிதழ். அது இல்லாவிடின் நகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு முதலியவற்றைக் கொண்டு செய்யும் மருத்துவச் சோதனை. அந்த மூன்றாம் நிலையில்தான் பல்லின் நிழலும் சாட்சி கூற வரும்.

அந்தச் சாட்சி உண்மையைச் சொல்லும். ஆனால் தேதியைச் சொல்லாது. பன்னிரண்டு வயதையொட்டி முளைக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் வேர்நுனி மூடவில்லை என்றால், அப்பிள்ளை பெரும்பாலும் பதினைந்தைத் தாண்டியிருக்கமாட்டான் என்று சொல்லலாம். இன்ன நாளில் பிறந்தான் என்று சொல்லவியலாது. ஊட்டத்தாலும் மரபாலும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு உண்டு. பிற நாட்டுக் குழந்தைகளைக் கொண்டு வகுத்த அட்டவணையை நம் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்தினால் வயது கூடியோ குறைந்தோ தோன்றலாம். நேர்மையான மருத்துவர் ஆகவே ‘இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையே’ என்று எழுதுவார். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது இன்று சட்டப்படி குற்றம். மலையேறும் வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்ட ஒரு பிள்ளை பள்ளிக்குத் திரும்புவதும் திரும்பாமற் போவதும் அந்த இடைவெளியைப் பொறுத்து இருக்கக்கூடும். அங்கேயும் கண்டதைக் கண்ட அளவுக்குச் சொல்லுவதே நீதி. கூட்டிச் சொல்லுவதும் குறைத்துச் சொல்லுவதும் தீங்கே.

கதிரால் கெடுதி வருமோ என்று அஞ்சுவோருக்கு ஒரு சொல். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நாம் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஒரு சிறு பல் படத்தால் பெறுவது, ஏறத்தாழ அதில் ஒரு நாள் பங்கு. தேவைப்பட்டபோது தயங்கவேண்டியதில்லை, தேவையின்றி எடுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. கருவுற்ற பெண்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும்.

நேயர்களே, அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ பல்லைப் படமெடுத்தால், மருத்துவரிடம் பணிவோடு நான்கு கேள்விகள் கேளுங்கள். இது எந்தப் பல்? இதில் தெரிவது என்ன? அது வேறு எதுவாகவும் இருக்கக்கூடுமா? அதை எப்படி உறுதிசெய்வது? நல்ல மருத்துவர் இவற்றுக்குச் சினங்கொள்ளமாட்டார். திரையைத் திருப்பி விரலால் சுட்டிக் காட்டுவார். படத்தின் படியைக் கேட்டு வாங்கி, அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள். ஐந்தாண்டு கழித்து எடுக்கும் படத்தோடு இதை ஒப்பிடும்போதுதான் எலும்பு இறங்கியதா, நின்றதா என்பது தெரியும். தனி நிழலைக் காட்டிலும் இரண்டு நிழல்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மிகுதியாகப் பேசும்.

பிடுங்கிய பல் மீண்டும் வேரூன்றுவதில்லை. அதை எடுப்பதற்குமுன் ஒரு கேள்வியும், இன்னொரு கோணத்தில் ஒரு படமும் மிகையல்ல.